நிரபராதி என்றால் அது எப்படித் தெரியவரும்?

கேள்வி இது: "சூனியக்காரிகள் என்று சொல்லி ஐரோப்பாவில் பெண்களை எரித்ததெல்லாம் மூடநம்பிக்கைக் காலத்துச் சமாச்சாரம். அறிவியல் வளர்ந்ததும் அது தானாக ஒழிந்துவிட்டது. இன்றைய பொய்க் குற்றச்சாட்டுகளை அதோடு ஒப்பிடுவது மிகை இல்லையா?"

மிகை இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு முன் 'மூடநம்பிக்கை' என்ற சொல்லைக் கொஞ்சம் ஓரமாக வைக்க வேண்டும். சூனியத்தின் மேல் நம்பிக்கை உலகம் முழுக்க, எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது. ஐரோப்பாவில் கொத்துக் கொத்தாகக் கொன்றதோ ஏறத்தாழ 1450-க்கும் 1750-க்கும் இடையில். அதிலும் உச்சம் 1560 முதல் 1650 வரை. பலரும் நினைப்பதுபோல இருண்ட மத்திய காலம் அல்ல அது. அச்சு இயந்திரம் வந்து நூறாண்டு ஆகியிருந்தது. பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர்கள் நீதிபதிகளாக இருந்தார்கள். கலிலியோ தொலைநோக்கியில் வியாழனின் நிலவுகளைப் பார்த்தது இதே காலத்தில்தான்.

கோள்களின் இயக்க விதிகளைக் கண்டுபிடித்த யோகான்னஸ் கெப்ளரின் அம்மா மீதே சூனிய வழக்கு நடந்தது. 1615-இல் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி ஆரம்பித்தது: கத்தரீனா கெப்ளர் கொடுத்த பானத்தைக் குடித்ததால் எனக்கு நோய் வந்தது என்றாள் ஒரு பெண். எழுபதைத் தாண்டிய கிழவியைச் சங்கிலியில் கட்டி 14 மாதம் சிறையில் வைத்தார்கள். விசாரணையில் அவர் அழவில்லை. சூனியக்காரிக்குக் கண்ணீர் வராது என்பது அன்றைய 'தடயவியல்'. வாழ்க்கையில் அழுத அழுகையில் கண்ணீரே மிச்சமில்லை என்றார் அவர். கெப்ளர் தன் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு வந்து, ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனித்தனியாகப் பிரித்து, இந்த நோய்க்கு இயற்கையான காரணம் இது, அந்தச் சாட்சி முன்பு சொன்னது வேறு என்று எழுத்தில் பதில் கொடுத்தார். கைதி 'துரதிர்ஷ்டவசமாக' மகனின் துணையோடு ஆஜராகிறார் என்று நீதிமன்றக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லில் எழுதியவரின் எரிச்சல் அப்படியே தெரிகிறது. 1621-இல் விடுதலையான கத்தரீனா அடுத்த ஆண்டே இறந்துபோனார்.

எண்ணிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் 90 லட்சம் பேர் என்றெல்லாம் சுற்றுகிறது. அது தப்பு. வழக்கை எதிர்கொண்டவர்கள் சுமார் ஒரு லட்சம், கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை என்பதே வரலாற்றாசிரியர்கள் ஏற்கும் கணக்கு. முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஐஸ்லாந்து போன்ற சில இடங்களில் ஆண்களே அதிகம்.

சரி, நம்பிக்கை எப்போதும் இருந்தது என்றால், அந்த 300 ஆண்டுகளில் மட்டும் அது ஏன் கொலைக்களமானது? என் பதில்: விசாரணை முறை. சூனியம் கண்ணுக்குத் தெரியாத குற்றம். நேரில் பார்த்த சாட்சி இருக்க முடியாது. ஜெர்மானியப் பேரரசின் 1532-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டப்படி மரண தண்டனை கொடுக்க நேரில் பார்த்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அல்லது குற்றவாளியின் ஒப்புதல் வேண்டும். சாட்சி இல்லை என்றால் மிச்சம் ஒப்புதல்தான். அதை வாங்கச் சித்திரவதைக்கு அனுமதி இருந்தது. அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு ஏற்பாடும் இருந்தது என்பதுதான் வேடிக்கை: வதைக்கூடத்தில் சொன்னதைப் பிறகு வெளியே, வலி இல்லாத நேரத்தில், 'தானாக முன்வந்து' மறுபடி சொல்ல வேண்டும். சொல்ல மறுத்தால்? மறுபடி வதைக்கூடம். காகிதத்தில் பார்த்தால் எல்லாம் முறைப்படி நடந்திருக்கும்.

இதை உள்ளேயிருந்து எழுதிய ஒருவரின் கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஜெர்மனியின் பாம்பர்க் நகரத்து மேயர் யோகான்னஸ் யூனியுஸ், வயது 55. அவர் மனைவியை ஏற்கெனவே சூனியக்காரி என்று கொன்றிருந்தார்கள். 1628 ஜூலையில், கட்டைவிரல் நசுக்கியில் நசுங்கிய கையால், மகள் வெரோனிகாவுக்குச் சிறையிலிருந்து திருட்டுத்தனமாக எழுதுகிறார். குற்றமில்லாமல் சிறைக்கு வந்தேன், குற்றமில்லாமல் வதைபட்டேன், குற்றமில்லாமல் சாகப்போகிறேன் என்று தொடங்குகிறது. கைகளைப் பின்னால் கட்டித் தூக்கித் தூக்கிக் கீழே விட்டிருக்கிறார்கள், எட்டு முறை. அப்புறம் அறைக்குத் திரும்பக் கூட்டிப் போகும்போது, வதைத்த ஆளே கெஞ்சுகிறான்: ஐயா, கடவுள் பெயரால் கேட்கிறேன், எதையாவது ஒப்புக்கொள்ளுங்கள், உண்மையோ பொய்யோ, ஏதாவது ஒரு கதை கட்டுங்கள், உங்களால் இதைத் தாங்க முடியாது, தாங்கினாலும் உங்களை விடமாட்டார்கள்.

யூனியுஸ் ஒரு கதை கட்டினார். தோட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் வந்தாள், ஆடாக மாறினாள், இந்த மாதிரி. போதவில்லை. சூனியக்காரர்கள் கூடுவதாகச் சொல்லப்பட்ட கூட்டத்தில் யார் யாரைப் பார்த்தாய் என்று கேட்டார்கள். யாரையும் தெரியவில்லை என்றதும் ஒவ்வொரு தெருவாகச் சொல்லி, இந்தத் தெருவில் யார், அடுத்த தெருவில் யார் என்று பெயர் கேட்டார்கள். அப்புறம் நீ செய்த குற்றங்களைச் சொல் என்றார்கள். பிள்ளைகளைக் கொல்லச் சொன்னான் சாத்தான், நான் அதற்குப் பதில் ஒரு குதிரையைக் கொன்றேன் என்றார். அதுவும் எடுபடவில்லை. கோயிலில் கொடுத்த புனித அப்பத்தை எடுத்துப் புதைத்துவிட்டேன் என்று சொன்னதும்தான் விட்டார்கள்.

இந்தக் கடிதத்தில் என்னை மிகவும் உலுக்குவது வேறொரு வரி. தனக்கு எதிராகச் சாட்சி சொன்ன ஆறு பேரைப் பற்றி எழுதுகிறார்: எல்லாம் பொய், வலி பொறுக்காமல் சொன்னது, சாவதற்கு முன் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள் என்று. அதாவது அவர் தெருத் தெருவாகச் சொன்ன பெயர்கள் எப்படி வந்தனவோ, அப்படித்தான் அவர் பெயரும் வந்திருக்கிறது. ஒருவர் மேல் ஒரு வழக்கு, ஒரு வழக்கிலிருந்து பத்துப் பெயர், பத்திலிருந்து நூறு. பாம்பர்க்கில் இதற்கென்றே தனிச் சிறை கட்டினார்கள். சொத்துப் பறிமுதலும் கூடவே நடந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அங்கே நகர்ந்தது மனுஷன்.

1631-இல் ஃபிரீட்ரிக் ஷ்பே என்ற இயேசு சபைப் பாதிரியார் இந்த முறையைப் பிரித்து மேய்ந்து ஒரு நூல் எழுதினார், பெயர் போடாமல். சூனியம் இல்லவே இல்லை என்று அவர் வாதிடவில்லை. அதுதான் அதன் பலம். உங்கள் நம்பிக்கை எல்லாம் சரி என்றே வைத்துக்கொண்டாலும் இந்த விசாரணையில் நிரபராதி எப்படித் தப்புவாள் என்று கேட்டார். அவள் நடத்தை கெட்டவள் என்றால் அது ஆதாரம். நல்லவள் என்றால், சூனியக்காரிகள் நல்லவர்களாக நடிப்பார்கள், அதுவும் ஆதாரம். பயந்தால் குற்ற மனசு, பயப்படாவிட்டால் திமிர். வதையில் ஒப்புக்கொண்டால் முடிந்தது. ஒப்புக்கொள்ளாவிட்டால் சாத்தான் அவளுக்குத் தாங்கும் சக்தி கொடுக்கிறான். நாமெல்லாம் சூனியக்காரர்கள் ஆகாமல் இருக்க ஒரே காரணம் நம்மை யாரும் இன்னும் வதைக்கவில்லை என்பதே என்றும் எழுதினார்.

உங்கள் கேள்விக்கு என் பதிலின் சாரமும் ஷ்பேயின் அந்தக் கேள்விதான். ஒரு குற்றச்சாட்டைக் கேட்டதும் 'இது உண்மையா?' என்று நாம் கேட்கிறோம். அதற்கு உடனே பதில் கிடைக்காது. 'இவர் நிரபராதி என்று வைத்துக்கொள்வோம்; அது இந்த விசாரணையில் எந்த வழியாகத் தெரியவரும்?' என்று கேட்டுப் பாருங்கள். வழி எதுவும் இல்லை என்றால், நடப்பது 1628 பாம்பர்க். அங்கே சாத்தான் இருந்தான், இங்கே வேறு ஏதோ இருக்கும், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் சேலம் வழக்குகள் (1692) பற்றி நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே யாரையும் எரிக்கவில்லை. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். வாதாட மறுத்த கிழவர் ஒருவரை, ஜைல்ஸ் கோரி, கல்லை அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். சிறையில் செத்தவர்கள் தனி. அங்கே முக்கியமாகப் பயன்பட்டது ஆவிச் சாட்சியம்: 'இவளுடைய உருவம் ராத்திரி வந்து என்னைக் கிள்ளியது' என்று ஒரு சிறுமி சொன்னால் அது ஆதாரம். அந்த நேரத்தில் அவள் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததைப் பத்துப் பேர் பார்த்திருந்தாலும் பயனில்லை, வந்தது உருவம்தானே.

ரெபேக்கா நர்ஸ் என்ற 71 வயதுக்காரரை ஜூரிகள் முதலில் குற்றமற்றவர் என்றே சொன்னார்கள். குற்றம் சாட்டிய சிறுமிகள் அலறினார்கள். தலைமை நீதிபதி, அவர் முன்பு சொன்ன ஒரு வாக்கியத்தைக் கவனித்தீர்களா என்று ஜூரிகளைத் திருப்பி அனுப்பினார். ஒப்புக்கொண்டு சாட்சி சொல்ல வந்த ஒரு பெண்ணைப் பார்த்து, 'இவள் எங்களில் ஒருத்தி' என்று நர்ஸ் சொல்லியிருந்தார். எங்களோடு சிறையில் இருந்தவள் என்பது அவர் அர்த்தம். விளக்கம் கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. காது மந்தம், கேட்கவே இல்லை. அந்த மௌனம் குற்றமானது, ஜூலையில் தூக்கு. இன்னொரு பக்கம், ஒப்புக்கொண்டவர்கள் யாரும் தூக்கில் தொங்கவில்லை. பொய் சொன்னவர்கள் பிழைத்தார்கள், பொய் சொல்ல மறுத்தவர்கள் செத்தார்கள்.

இதையெல்லாம் மாற்றிக் காட்டிய ஒரு ஆளைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. அவர் இருந்த இடமோ ஸ்பானிய மதவிசாரணை மன்றம், அதாவது திருச்சபைக்கு மாறாக நம்புகிறவர்களைத் தேடித் தண்டித்த மன்றம்; நாம் எதிர்பார்க்கவே மாட்டோம். 1610 நவம்பரில் லொக்ரோனியோ நகரில் பாஸ்க் பகுதி சூனிய வழக்கில் ஆறு பேரை உயிரோடு எரித்தார்கள். அந்த மன்றத்தின் மூன்று விசாரணையாளர்களில் இளையவர் அலோன்சோ டி சலசார் ஃபிரியாஸ். அடுத்த ஆண்டு அவர், தானாக வந்து ஒப்புக்கொள்பவருக்கு மன்னிப்பு என்ற ஆணையோடு ஊர் ஊராகப் போனார். 1,802 பேர் வந்து வாக்குமூலம் கொடுத்தார்கள். அதில் 1,384 பேர் குழந்தைகள். எல்லாரும் தாங்களே சூனியக் கூட்டத்துக்குப் போனதாகச் சொல்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்டிருப்பார்கள். ஆயிரத்தெட்டுநூறு பேர் பொய் சொல்வார்களா?

சலசார் போய்ப் பார்த்தார். சிலரைத் தனித்தனியாகக் கூட்டிப்போய், கூட்டம் நடந்த இடத்தைக் காட்டு என்றார். பெரும்பாலும் ஆளுக்கொரு இடத்தைக் காட்டினார்கள். எப்படிப் போனாய், கதவு பூட்டியிருந்ததே எப்படி வெளியே வந்தாய், யார் பக்கத்தில் நின்றார்கள் என்று தனித்தனியாகக் கேட்டார். கூட்டம் நடக்கும் என்று சொன்ன ராத்திரி, சொன்ன இடத்தில் தன் செயலாளர்களை ஒளிந்திருக்கச் சொன்னார். அவர்கள் கண்ணில் எதுவும் படவில்லை. மறுநாள் சிறுமிகள் அங்கேதான் கூட்டம் நடந்தது என்றார்கள். மந்திர மை, களிம்பு என்று 22 சட்டிகள் பிடிபட்டிருந்தன. மருத்துவர்களிடம் கொடுத்தார், மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை, மிரட்டலுக்குப் பயந்து கண்டதைக் கலக்கித் தயாரித்த போலிச் சரக்கு. இதைப் பற்றிப் பேசவும் எழுதவும் ஆரம்பிக்கும்வரை இங்கே சூனியக்காரரும் இல்லை, சூனியத்தால் பாதிக்கப்பட்டவரும் இல்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். 1614-இல் மேலிடம் அவர் சொன்னதை ஏற்று விதிகளைக் கடுமையாக்கியது. அந்த மன்றத்தில் சூனியத்துக்காக எரிப்பது அதோடு ஏறக்குறைய நின்றுபோனது.

இங்கே ஒரு பொதுவான விஷயம் உண்டு. வேட்டை மிக மோசமாக நடந்தது பெரிய அரசுகளில் அல்ல. மேல்முறையீடு என்று ஒன்றே இல்லாத சின்னச் சின்ன ஜெர்மன் சிற்றரசுகளில். பாரிஸின் உயர் நீதிமன்றம் 1624 முதல் தன் எல்லைக்குட்பட்ட சூனியத் தண்டனைகள் அனைத்தும் தானாகவே தன் முன் மேல்முறையீட்டுக்கு வர வேண்டும் என்றது. வந்த மரண தண்டனைகளில் சிறு பகுதியையே உறுதிசெய்தது. அந்த நீதிபதிகள் நல்லவர்கள் என்பதல்ல காரணம். ஊர்ப் பயம் அவர்களுக்கு இல்லை. அவர்கள் மாடு சாகவில்லை, அவர்கள் குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். பிரிட்டனின் தபால் அலுவலக வழக்குகளைப் பாருங்கள். 1999-இல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வந்தது. கிளை அலுவலகங்களில் பணம் குறைவதாக அது காட்டியது. கிளை நடத்தியவர்களைத் திருடர்கள் என்று வழக்குப் போட்டார்கள். 900-க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றார்கள். கணினி சரியாக இயங்கியது என்பதே சட்டத்தின் முன்னனுமானம். தப்பு என்று காட்ட வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர். மென்பொருளின் உள்விவரமோ அவர் கையில் இல்லை. உதவி எண்ணுக்குப் போன் செய்தால், இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான் என்று பதில் வந்ததாகப் பலரும் சொன்னார்கள். இது ஆவிச் சாட்சியம் இல்லாமல் வேறென்ன? பார்க்க முடியாத ஒன்று வந்து சாட்சி சொல்கிறது, அதைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. திருட்டு வழக்கை விட்டுவிடுகிறோம், பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொள் என்ற பேரத்தில் சிறைக்குப் பயந்து ஒப்புக்கொண்டவர்களும் உண்டு. சேலம் கணக்குதான். 2019-இல் நீதிமன்றம் மென்பொருளின் குறைகளை வெளிப்படையாகச் சொன்னது. 2024-இல் தனிச் சட்டமே போட்டு தண்டனைகளை ரத்து செய்தார்கள். இதில் எங்கே மூடநம்பிக்கை? எல்லாரும் படித்தவர்கள், கணினியை நம்பியவர்கள்.

செய்யாத குற்றத்தை யாராவது ஒப்புக்கொள்வார்களா என்பது அடிக்கடி வரும் கேள்வி. ஒப்புக்கொள்கிறார்கள், அதுவும் வதை இல்லாமலே. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் நிரபராதி என்று நிரூபணமாகி விடுதலையானவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் பொய் வாக்குமூலம் கொடுத்தவர்கள். 1989-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க் பூங்காவில் ஒரு பெண் தாக்கப்பட்ட வழக்கில் ஐந்து பதின்வயதுப் பையன்கள் மணிக்கணக்கான விசாரணைக்குப் பிறகு மாட்டிக்கொண்டார்கள்; உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டு, மரபணுவும் பொருந்தி, 2002-இல்தான் தண்டனை ரத்தானது. தூக்கமில்லை, வீட்டுக்குப் போக வேண்டும், ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவோம் என்கிறார்கள். பதினைந்து வயதுக்கு அதுவே போதும். பிரிட்டன் இப்படிச் சில பெரிய தவறுகளுக்குப் பின் 1990-களில் போலீஸ் விசாரிக்கும் முறையையே மாற்றியது: ஒப்புதல் வாங்குவது நோக்கமல்ல, தகவல் சேர்ப்பதே நோக்கம். சலசார் செய்ததும் அதுதானே.

இணையத்தில் இது இன்னும் வேகம். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துத் துப்பறியக் கிளம்பினார்கள். காணாமல் போயிருந்த ஒரு மாணவர் மேல் சந்தேகம் விழுந்து, ராவோடு ராவாக அவர் பெயர் உலகம் சுற்றியது. தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு வசவும் மிரட்டலும் போயின. அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் சம்பந்தமே இல்லை. சில நாளில் அவர் உடல் ஆற்றில் கிடைத்தது. அந்த இரவில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை என்றே நினைக்கிறேன். நானும் ஒருமுறை 'இவனைப் பிடிக்க உதவுங்கள்' என்று வந்த படத்தை யோசிக்காமல் நாலு பேருக்குத் தள்ளிவிட்டிருக்கிறேன். அது பொய் என்று அப்புறம் தெரிந்தது. நாலு பேரில் இரண்டு பேருக்குத்தான் திருத்தம் அனுப்பினேன். மற்ற இருவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் பதிலைத் தவறாகப் பயன்படுத்துவார்கள். பதவியில் இருப்பவர் மேல் புகார் வந்ததும் 'இது சூனிய வேட்டை' என்று கத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. பாம்பர்க்கில் மேயரும் மாட்டினார், உண்மை. ஆனாலும் பெரும்பாலும் மாட்டியவர்கள் ஏழைகள், விதவைகள், வாய் நீளமான கிழவிகள்; நீதிமன்றம் குற்றம் சாட்டியவர் பக்கம். வக்கீலும் மேல்முறையீடும் பத்திரிகையாளர் சந்திப்பும் வைத்திருப்பவர் தன்னை அவர்களோடு சேர்த்துக்கொள்வது அநியாயம். புகார் கொடுப்பவரைப் பொய்யர் என்று முதலிலேயே முடிவு கட்டுவதும் விசாரிக்காமல் தீர்ப்பு எழுதுவதுதான். சலசார் அந்தக் குழந்தைகளை அடித்து விரட்டவில்லை. ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் கேட்டார், பிறகு போய்ச் சரிபார்த்தார். உண்மையான புகார் அந்தச் சரிபார்ப்பைத் தாண்டி நிற்கும்.

அசல் சூனிய வேட்டையும் முடியவில்லை. இந்தியாவின் ஜார்க்கண்ட், அசாம், ஆப்பிரிக்காவின் சில நாடுகள், பாப்புவா நியூ கினி எனப் பல இடங்களில் இன்றும் நடக்கிறது. 2021-இல் ஐநா மனித உரிமைகள் மன்றம் இதற்கெதிராகத் தீர்மானமே போட்டது. பெரும்பாலும் நிலத்தகராறு, ஒரு குழந்தையின் சாவு, பழைய பகை.

சேலத்தில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஐந்தாண்டில், 1697-இல், நீதிபதி சாமுவேல் சூவல் தேவாலயத்தில் எழுந்து நின்று, தன் குற்றத்தைப் பாதிரியார் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜூரிகள் பன்னிரண்டு பேரும் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். 1711-இல் குடும்பங்களுக்கு இழப்பீடு கிடைத்தது. ஆனால் எலிசபெத் ஜான்சன் என்ற 22 வயதுப் பெண்ணின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராமல் விட்டுப்போனது. 1693-இல் அவருக்கு மரண தண்டனை விதித்திருந்தார்கள், ஆளுநர் தடுத்ததால் உயிர் பிழைத்தார். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைகள் இல்லை. மற்றவர்களுக்காக அவரவர் வாரிசுகள் கேட்டார்கள், இவருக்குக் கேட்க ஆளில்லை. கடைசியில் மாசசூசெட்ஸில் ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்கள் ஆசிரியையும் ஆவணங்களைத் தேடி எடுத்துச் சட்டமன்றத்துக்கு எழுதினார்கள். 2022-இல் அவர் பெயரிலிருந்த குற்றம் நீங்கியது.